எக்ஸ்சேஞ்ச் அக்காவின் இருமல்

அந்த மருத்துவமனையில் எக்ஸ்சேஞ்ச் அக்காவின் முகத்தைத் தெரிந்தவர்களைவிடக் குரலைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். வெளியிலிருந்து யார் போன் போட்டாலும் முதலில் எடுப்பது அவர். எலும்பு டாக்டர் எங்கிருந்தாலும் ஆபரேஷன் தியேட்டருக்கு வரவும் என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுவதும் அவர். மாடிப்படிக்கு அடியில், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்ற ஜன்னல் இல்லாத அறையில், விளக்குகள் மினுக்கும் ஒரு பெட்டியின் முன்னால் காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். எந்த டாக்டர் எந்த டாக்டரோடு பேசுவதில்லை, எந்த வார்டு நர்ஸுக்கு அடுத்த மாதம் கல்யாணம், எல்லாம் அந்த அறைக்குத் தானாக வந்து சேரும். சும்மா இருக்கும் நேரத்தில் பெரிய டாக்டர் மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் கார் சாவி எங்கே?" என்று பேசிக் காட்டுவார். ஒருமுறை அதை நிஜமென்று நம்பி டிரைவர் சாவியோடு ஓடி வந்துவிட்டார்.

இப்படிப்பட்டவரை நடிகையாக்கியது ஒரு வாய்த் தண்ணீர்தான். ஒரு நாள் காலை மைக்கை அணைக்க மறந்து தண்ணீர் குடித்தார். புரையேறியது. அவர் இருமிய இருமல் மாடி மாடியாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு கைகழுவு டாக்டர் வந்து நின்றார்.

தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான டாக்டர் அவர். கையை நீட்டி வணக்கம் சொன்னால் பதிலுக்கு வாஷ்பேசினைக் காட்டுவார். பெயர் அப்படித்தான் வந்தது. புதிதாக ஒரு காய்ச்சல் நாடு நாடாகப் பரவிக்கொண்டிருந்த சமயம் அது. ஊருக்குள் வருவதற்கு முன்னால் மருத்துவமனைகள் தயாராக வேண்டும் என்று விதிமுறைகள் வந்திருந்தன. அவர் அவற்றைச் சுருக்கி எல்லார் காதிலும் ஓதிக்கொண்டே இருந்தார்: "வாசல்ல ஒருத்தர் இருமினா முதல்ல மாஸ்க். அப்புறம் பேரு. அப்புறம் ஊரு. கூட்டத்துல உட்கார வைக்காதே, தனியறைக்குக் கூட்டிட்டுப் போ." கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டலில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் நோயாளி வேஷத்தில் ஆளை அனுப்பிப் பார்க்க முடிவு செய்திருந்தார். முதலில் அனுப்பிய ஆய்வகக்காரர், இருமச் சொன்ன இடத்தில் சிரித்துத் தொலைத்தார்.

"அந்த இருமல் நீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"மன்னிச்சுக்குங்க சார், மைக் அணைக்க மறந்துட்டேன்."

"மறுபடி ஒரு தடவை இருமுங்க."

அக்கா இருமினார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் உடைந்து, கடைசியில் ஒரு சின்ன விசிலோடு முடியும் இருமல். டாக்டர் தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போனார்.

"இவ்வளவு நாளா உங்களைப் படிக்கட்டுக்கு அடியில வெச்சிருக்காங்களே," என்றார்.

அதன்பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. ஒரு நாள் மூக்குக்கண்ணாடி போட்ட டீச்சர், இன்னொரு நாள் பேரனைக் காணோமென்று புலம்பிக்கொண்டே இருமும் கிழவி. கைப்பையில் டாக்டர் கையெழுத்துப் போட்ட ஓர் அட்டை இருக்கும்: "இது ஒத்திகை." கடைசியில் அதை எடுத்துக் காட்டினால் ஆட்டம் முடிந்தது. டாக்டர் ஒரு வேலை கூடுதலாகச் சொல்லியிருந்தார். கூடத்தில் யாருக்கு நோய் வந்தால் ஆபத்து அதிகமோ, அவர் பக்கத்து நாற்காலியைத் தேடிப் போய் உட்கார வேண்டும். கர்ப்பிணி இருந்தால் கர்ப்பிணி, இல்லையென்றால் வயதானவர். வாசல் எவ்வளவு சுறுசுறுப்பு என்பது அங்கேதான் தெரியுமாம். வேஷம் போடும் நாளில் அக்கா இருமல், சளி ஒன்றுமில்லாமல் கல்லுக்குண்டாக இருப்பதால் யாருக்கும் ஆபத்தில்லை.

வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தவள் பாப்பா. அக்காவின் கணவருடைய தங்கை. முப்பதைத் தாண்டிய நர்ஸ், மேசைக்குப் பொறுப்பு அவள், கையெழுத்தைப் பார்த்தால் அதிகாரி கையெழுத்து. வீட்டில் மட்டும் இன்னும் பாப்பா. பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தாள்.

டீச்சர் வேஷத்தில் அக்கா போனபோது பாப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டோக்கன் எடுத்துட்டு உட்காருங்கம்மா," என்றாள். அக்கா ஒரு கர்ப்பிணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மனசாரக் கச்சேரி நடத்திவிட்டு, டோக்கன் முறை வந்ததும் அட்டையை நீட்டினார்.

பாப்பா அட்டையைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். "அண்ணி," என்றாள்.

"டோக்கன்ல இருக்கிற நம்பரைத்தான் கூப்பிடணும், அண்ணின்னு கூப்பிடக் கூடாது," என்றார் அக்கா.

அடுத்த மீட்டிங்கில் கைகழுவு டாக்டர் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை, எல்லாரும் பாப்பாவைத்தான் பார்த்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் மேசைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று மட்டும் சொன்னார். அதோடு பாப்பா ஒரு வாரம் அண்ணியோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே உங்க செருப்புச் சத்தத்தை வெச்சே கண்டுபிடிப்பேன்."

கண்டுபிடித்தாள். அவள் மட்டுமல்ல, வாசலில் நிற்கும் மீசைக்காரக் காவலர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லாரும். எந்த வேஷத்தில் வந்தாலும் அக்கா படியேறும்போதே சைகை உள்ளே போய்விடும். பாப்பாவுக்கோ ஆத்திரம் தீரவில்லை. தண்ணீர் குடித்துப் புரையேறியவருக்கும் மாஸ்க், தொண்டையைச் சரிசெய்த பாட்டு வாத்தியாருக்கும் மாஸ்க். "இந்தப் பொண்ணு முன்னாடி கொட்டாவி விடவே பயமா இருக்கு," என்று காவலர் மீசையை நீவிக்கொண்டு சொல்வார்.

இதற்கிடையில் அந்தக் காய்ச்சல் ஊருக்குள் வந்தேவிட்டது.

ஒரு நாள் காலை அக்கா கண் விழித்தபோது முதுகை யாரோ உலக்கையால் இடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. நெற்றி கொதித்தது. நோய் வந்த ஊழியர் வேலைக்கு வரக் கூடாது, போனில் சொல்ல வேண்டும். விதியை ஒலிபெருக்கியில் வாசித்தவரே அவர்தான். தன் அறைக்கே போன் போட்டார். மாற்று ஆபரேட்டர் எடுத்தார்.

"எனக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல்," என்றார் அக்கா, நடுவில் இரண்டு தரம் இருமிக்கொண்டு.

"பிரமாதம் அக்கா. போன்லயே ஆரம்பிச்சிட்டீங்களா? இன்னிக்கு யாரு, கிழவியா?"

"நிஜமாத்தான்டி."

"அதைத்தான் போன தடவையும் சொன்னீங்க."

போன தடவை வேஷத்துக்காக அப்படிச் சொன்னது உண்மைதான். கைகழுவு டாக்டரைக் கொடு என்று கேட்டால் அவர் வேறோர் ஊரில் பயிற்சி வகுப்பு எடுக்கப் போயிருக்கிறார். பாப்பா காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள், மேசையில் உட்கார்ந்துவிட்டால் தன் போனைத் தொடமாட்டாள். மேசை லைனைக் கேட்டாலும் மாற்று ஆபரேட்டர் விளையாட்டென்று சிரித்தார். கணவர் வேலை பார்ப்பது வெளியூரில். மத்தியானம் ஆவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அக்கா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் காவலர் மீசையை முறுக்கி ஒரு சல்யூட் அடித்தார். "வாங்க வாங்க. இன்னிக்கு வேஷமே இல்லையா? வீட்டுப் புடவையோடவே வந்துட்டீங்க?"

அக்கா இருமினார். வறண்ட, சின்ன, துண்டு துண்டான இருமல். விசில் இல்லை.

"இன்னிக்கு சுமார்தான்," என்றார் காவலர்.

உள்ளே கூடம் நிறைந்திருந்தது. காலியாக இருந்தது ஒரே நாற்காலி. பக்கத்தில் ஒரு கர்ப்பிணி, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு அங்கிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நகர்ந்து, கதவோரத் தூணில் சாய்ந்துகொண்டார்.

"உட்காருங்க, சீட் இருக்குல்ல," என்றார் பின்னால் வந்த காவலர்.

அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினார். அதற்குள் பாப்பா மேசையை விட்டு எழுந்து வந்துவிட்டாள். தன் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, இன்னொன்றை எடுத்து அக்காவின் முகத்தில் மாட்டினாள். அத்தனை சுறுசுறுப்பு. மருந்துக்கடை ஜன்னலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தன. பாப்பா இந்தத் தடவை விடமாட்டாள் என்று யாரோ சொன்னார்கள்.

"எப்பத்திலேருந்து காய்ச்சல்?"

"ராத்திரியிலேருந்து. பாப்பா, இது நிஜம்."

"மூச்சு வாங்குதா?"

அக்கா நனைந்த கைக்குட்டையை உள்ளே போட்டு வேறொன்று எடுக்கக் கைப்பையைத் திறந்தார். எப்போதும் கொண்டுவரும் அதே பை. கைக்குட்டையோடு அந்த அட்டையும் வெளியே வந்து தரையில் விழுந்தது. இது ஒத்திகை. பெரிய எழுத்து, கீழே டாக்டரின் கையெழுத்து.

காவலர் கை தட்டினார். "அட்டை வந்தாச்சு, ஆட்டம் முடிஞ்சாச்சு. பாப்பா பாஸ்." ஜன்னல் தலைகளும் தட்டின. கூடத்தில் இருந்தவர்களும் என்னவென்று புரியாமலே தட்டினார்கள்.

இத்தனை நாள் கை தட்டல் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்தவர்தான் அக்கா. இப்போது அந்தச் சத்தத்தில் தன் குரல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பாப்பா அட்டையை ஒரு தரம் பார்த்தாள். தலையைத் திருப்பிக் காலி நாற்காலியை ஒரு தரம் பார்த்தாள். அட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"தனியறைக் கதவைத் திறங்க," என்றாள் காவலரிடம்.

"அதான் முடிஞ்சுபோச்சே."

"நீங்க மாஸ்க் போட்டுட்டுத் திறங்கண்ணே. சக்கர நாற்காலி வேணும். இப்ப."

மீசை தொங்கிவிட்டது. கதவு திறந்தது.

அக்கா சில நாள் அந்தத் தனியறையிலேயே படுத்திருந்தார். சீக்கிரமே மருந்து ஆரம்பித்ததால் மூச்சுத் திணறல் அதிகமாகவில்லை. காய்ச்சல் இறங்கிய அன்று, பாப்பா மாஸ்க்கும் கவுனுமாகக் கண் மட்டும் தெரிய வந்து கட்டிலுக்கு எட்ட நின்றாள்.

"என் இருமலைக் கேட்டுத்தானே நிஜம்னு கண்டுபிடிச்சே?" என்றார் அக்கா.

"இருமலா? அதைக் கேட்டிருந்தா நடிப்புன்னுதான் நினைச்சிருப்பேன். அவ்வளவு மோசம்."

"பின்னே?"

"வேஷத்துல வந்தா நேரா கர்ப்பிணி, வயசானவங்க பக்கத்துலதான் போய் உட்காருவீங்க. அன்னிக்கு நிக்க முடியாம தூணைப் பிடிச்சுட்டு நின்னீங்க. ஆனா உட்காரலை." பாப்பா கையுறையைச் சரிசெய்தாள். "மாஸ்க் எப்படியும் மாட்டியிருப்பேன். நடிப்பானாலும் மாஸ்க்தான். தனியறைக்குக் கொண்டுபோனதுதான் அந்தத் தூணால."

அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு பேச்சை மாற்றினார்.

"டாக்டர் ஊர்லேருந்து வந்துட்டாரா? பாஸ் போட்டாரா உனக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க? அவர் அனுப்பாத ஒத்திகை கணக்குல வராதாம். மறுபடியும் ஒருத்தரை அனுப்புவாராம்."

"அனுப்பட்டும். யாருன்னு நான் விசாரிச்சுச் சொல்றேன்."

"வேண்டாம் அண்ணி," என்றாள் பாப்பா. "வரட்டும், பாத்துக்கறேன்."

மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கழிந்த பிறகும், டாக்டர் சொன்னாரென்று இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டுத்தான் அக்கா படிக்கட்டு அறைக்குத் திரும்பினார். விளக்குகள் மினுக்கின. எலும்பு டாக்டரை யாரோ தேடினார்கள். அக்கா மைக்கைப் போட்டு, வழக்கம்போலத் தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டார்.

அறிவிப்பு முடிவதற்குள் பெட்டியில் வாசல் மேசையின் விளக்கு எரிந்தது.

"அண்ணி, மாஸ்க் எங்கே?"

"செருமலுக்குமாடி?"

"ஆள் அனுப்பறேன்," என்று சொல்லிப் பாப்பா போனை வைத்தாள். கொஞ்ச நேரத்தில், கையில் ஒரு மாஸ்க்கோடு, முகத்தில் ஒரு மாஸ்க்கோடு, மீசை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் காவலர் படிக்கட்டுக்கு அடியில் வந்து நின்றார்.