பிள்ளை பெற்ற கடல்குதிரை

புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருந்தேன். உள்ளே என் மனைவிக்கு முதல் பிரசவம்.

பக்கத்தில் சங்கு குளிக்கும் ஒருவர். உப்பில் ஊறிச் செம்பட்டையான முடி, கழுத்தில் மாதா சுரூபப் பதக்கம். மடியில் கடல்நீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டி. அதற்குள் வயிறு புடைத்த ஒரு கடல்குதிரை. உள்ளே அவர் மனைவி அலறும்போதெல்லாம் புட்டியை உயர்த்திப் பார்ப்பார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"இதுல ஆம்பிளைதான் பிள்ள பெக்கும். 'நீரும் ஒரு தடவ பெத்துப் பாரும்'னு எம் பொஞ்சாதி ஏசிக்கிட்டே இருக்கா. அவளுக்குக் காட்டணும்."

நான் சிரித்து முடிப்பதற்குள் குதிரை வளைந்து முக்கியது. அதன் வயிற்றிலிருந்து கொசு அளவில் குட்டிகள் கூட்டமாக வெளியே வந்தன. ஒவ்வொன்றும் அப்பனைப் போலவே நிமிர்ந்து நீந்தியது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதாவே! ஆண்டவருக்குத்தான் எம்புட்டுக் குசும்பு, பாத்தீரா!"

அப்போதுதான் நர்ஸ் வந்து, அவருக்குப் பெண் பிறந்திருப்பதாகச் சொன்னாள். புட்டியோடு உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் அவர் மனைவியின் குரல் கேட்டது.

"இத்தனையும் பெத்துட்டு ஒரு சத்தம் போடலையே இது! நீரா இருந்தா ஊரையே கூட்டியிருப்பீரு!"

வார்டே சிரித்தது. அதில் என் மனைவியின் சிரிப்பும் இருந்தது.

அவரை மறுபடி பார்க்க வாய்க்கவில்லை. அன்று மாலை என் மகனைக் கையில் வாங்கியபோது, யாரும் பார்க்காத நேரத்தில் என் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.