கரைக்கு இன்னும் எத்தனை அடி

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் என் தங்கை செம்மொழியைத் தைரியசாலி என்றார்கள். அந்த மழை நாளை வைத்துச் சொல்கிறார்கள். நான் தலையாட்டிக்கொண்டேன். அவள் பயந்தவள். வெளியூர் கிளம்பினால், பூட்டை இழுத்துப் பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருவாள். பேருந்து பாலத்தில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள், வேலைக்குப் போன பிறகும்.

சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவள், அம்மாவுக்கு முடியாமல் போனதும் கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கே வந்து, வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். கூடவே ஊர் விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு காரியம் செய்து கொடுத்தாள். மழைக்காலத்தில் வடிகால் ஆற்றின் மதகில் நிற்பவர்கள் தண்ணீர் அளவைப் போனில் அனுப்புவார்கள். அது டேட்டாபேஸில் ஏறும். அவள் அதைப் பார்த்து, ஆபத்து என்றால் எல்லோருக்கும் செய்தி அனுப்புவாள்.

போன ஐப்பசியில் அந்த வேலையை ஒரு ஏஐயிடம் விட்டாள். சங்கத்து எண்ணுக்கு யார் போன் செய்து கேட்டாலும் அது தமிழில் பதில் சொல்லும். அது எதையாவது அழித்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அதனால் ஒரு சின்னக் கருவியை மட்டும் அதன் கையில் கொடுத்தாள். டேட்டாபேஸில் என்னென்ன அட்டவணைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்னென்ன தலைப்புகள், எது எண், எது எழுத்து, இவ்வளவைத்தான் அந்தக் கருவி காட்டும். எது எங்கே இருக்கிறது என்று அதிலிருந்து புரிந்துகொண்டு, தேவையான எண்ணை மட்டும் ஏஐ கேட்டு வாங்கும். எதையும் மாற்ற முடியாது.

"இனிமேதான் நிம்மதியா தூங்குவேன்க்கா" என்றாள்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. ஒரு நாள் மத்தியானம் சாமிதுரை மாமா போன் செய்தார். ஆற்றங்கரைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் தெரு அவருடையது. செம்மொழி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒன் மிஷினு நல்லா பேசுது பாப்பா. எங்க வீட்டு ஆளு மாதிரி இல்ல, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுது." பின்னால் ஒரு பெண்குரல் ஏதோ திட்டியது. "தண்ணி கொறஞ்சிகிட்டே வருதாம். பள்ளிக்கூடத்துல போயி தங்கணுமேன்னு மூட்டை கட்டி வச்சிருந்தோம், அவுத்துட்டோம். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"கொறையுதா மாமா? இந்த மழையிலயா?"

"மிஷினு சொல்லுதே."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். மதகிலிருந்து வந்த எண்கள் வரிசையாக இருந்தன. காலையில் நாலு, பிறகு இரண்டரை, கடைசியாக ஒன்று. குறைந்துகொண்டுதான் வந்தன. அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஆற்றை யாரும் அடித்தரையிலிருந்து அளப்பதில்லை. கரையில் நின்று பார்த்து, கரைக்கு இன்னும் எத்தனை அடி இருக்கிறது என்றுதான் சொல்வோம். மதகுக்காரர்கள் அனுப்புவதும் அதைத்தான். தண்ணீர் ஏற ஏற எண் குறையும். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அதை எழுதி வைக்கத் தோன்றவில்லை. கருவி காட்டியது 'நீர்மட்டம், எண்' என்பதை மட்டும். எண் இறங்கினால் தண்ணீர் இறங்குகிறது என்று ஏஐ எடுத்துக்கொண்டது.

"மாமா" என்றாள். அதற்குள் லைன் போயிருந்தது. திரும்பத் திரும்ப அடித்தும் கிடைக்கவில்லை; அந்தத் தெருவுக்கு அனுப்பிய செய்தியும் போய்ச் சேரவில்லை. வேறு யாரும் கேட்டு ஏமாறாமல் இருக்க, முதலில் அந்தக் குரலை நிறுத்தினாள். இரண்டு முறை தவறான இடத்தை அழுத்திய பிறகுதான் அது நின்றது.

மாமாவின் தெருவுக்கு வண்டியை நான்தான் ஓட்டினேன். சாலைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடியது. எனக்குத் திரும்பிவிடலாம் போலிருந்தது. பின்னால் அவள் என் இடுப்பை நகம் பதியப் பிடித்தபடி, அந்தத் தெருவில் யார் யாரால் எழுந்து நடக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

சாமிதுரை மாமா வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ரெண்டு பேரும், நனைஞ்ச கோழியாட்டம்?"

"மாமா, அது தப்பா சொல்லியிருக்கு. நான் அதுக்குச் சரியா சொல்லிக் குடுக்கல. கரைக்கு இன்னும் ஒரு அடிதான் இருக்கு."

அவர் சிரிப்பு நின்றது. தழையைப் போட்டுவிட்டுக் கரைமேல் ஏறினார். நின்ற இடத்திலேயே குனிந்து தண்ணீரைக் கையால் தொட்டார். இறங்கி வந்தவர் நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

எல்லோருக்கும் கடைசியாக அவர் மனைவி ஆட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடி ஏறினார். பொழுது சாயும்முன் கரை உடைந்தது. அந்தச் சத்தம் மாடிவரை வந்தது. செம்மொழி காதைப் பொத்திக்கொண்டு, திரும்பத் திரும்பத் தலைகளை எண்ணினாள். யாரும் விடுபடவில்லை. வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது.

மின்சாரம் வந்ததும் முதல் வேலையாக, கருவி படித்துக் காட்டும்படி 'நீர்மட்டம்' என்ற தலைப்போடு ஒரு குறிப்பைச் சேர்த்தாள். 'கரை உச்சியிலிருந்து தண்ணீர்வரை உள்ள தூரம், அடியில். எண் குறைந்தால் பயப்படு.' அதன் பிறகுதான் அந்தக் குரலை மறுபடி பேசவிட்டாள்.

தை மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

இன்று காலம் தப்பி மழை பெய்கிறது; மதகில் ஆட்கள் நிற்கிறார்கள். படுத்தும் தூக்கம் வராமல், சங்கத்து எண்ணுக்குப் போன் செய்தேன். "கரைக்கு இன்னும் ஐந்து அடி இருக்கிறது. எண் குறையவில்லை. இப்போது பயப்பட வேண்டியதில்லை" என்றது அந்தக் குரல். அவள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறது.

போனை வைத்த பிறகும் மனம் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கரைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.