உள்வரிசை நட்டு

கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, துணியால் துடைத்துவிட்டு, துணியையும் நம்பாமல் சக்கரம் உட்காரும் இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள் நோலீன். கையில் சிவப்பு ஒட்டினால் மறுபடியும் பிரஷ். குனமுல்லா ஊரில் செம்மண் புகாத இடம் கிடையாது. மூடிவைத்த சர்க்கரை டப்பாவிலும் இருக்கும்.

அவளுடைய டயர் கடைக்கு இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் பிக்கப் வண்டிக்கு ஸ்பேசர் போட வருகிறவர்கள். கனத்த அலுமினிய வட்டு அது. சக்கரத்தை வெளியே தள்ளி வண்டியை அகலமாகக் காட்டும். காளை மாதிரி நிற்க வேண்டுமாம். வட்டை வண்டியோடு பிடிப்பது ஒரு வரிசை நட்டு, வட்டோடு சக்கரத்தைப் பிடிப்பது இன்னொரு வரிசை. சக்கரத்தை மாட்டிவிட்டால் உள்வரிசை யார் கண்ணுக்கும் தெரியாது. நோலீனின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வரிசைதான்.

காற்றழுத்தத்தில் நட்டைச் சுற்றும் கன் அவள் கடையில் நட்டைக் கழற்ற மட்டும். முடுக்குவதற்கு டார்க் ரெஞ்ச். வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் நீளக் கைப்பிடி. அடுத்தடுத்த நட்டுக்குப் போக மாட்டாள், எதிரெதிராகப் போவாள். போல்ட்டின் மரையில் எண்ணெய் தடவ வருகிறவனின் கையைத் தட்டிவிடுவாள். "எண்ணெய் போட்டா வழுக்கிக்கிட்டே போவும். நீ இறுக்குறதா நெனச்சு போல்ட்டை இழுத்துருவ."

கொஞ்ச தூரம் ஓடியதும் வட்டு படியும், நட்டு தளரும். திரும்பி வந்து மறுபடி முடுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒருவனும் வர மாட்டான். அதனால் சாவியைக் கொடுக்கும்போதே அவன் தொப்பியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுவாள். அந்த ஊரில் தொப்பி இல்லாமல் மதுக்கடைக்குள் நுழைந்தவனிடம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எல்லாரும் சிரிப்பார்கள். மறுநாள் வந்து நிற்பான்.

ரொட்டிக்கடை வாசலில் முன்பின் தெரியாதவர்களின் சக்கரத்தையும் குனிந்து தொட்டுப் பார்க்கிறவள் அவள். மற்றவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். மருமகன் லாக்லனுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். வேலி அடிப்பது அவன் தொழில். நல்ல பிள்ளை, ரோஷக்காரன். போன ஜூலையில் தன் வண்டிக்குத் தானே ஸ்பேசர் போட்டான், வீட்டு முற்றத்தில், கன்னை வைத்து. மறுநாள் காலை, எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி டெஸ்ஸைச் சார்ல்வில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வழியில், காற்றடிக்க மாமியார் கடையில் நிறுத்தினான்.

நோலீன் குனிந்து பார்த்தாள். "உள்வரிசைக்கு ரெஞ்ச் வச்சியா, ராசா?"

"கன்னாலயே நல்லா இறுக்கிட்டேன், நோலீன். அசையாது."

"கழட்டி ஒரு தடவ பாத்துரலாமே."

"நான் செஞ்ச எதையாவது நீங்க ஒரு தடவ பாக்காம விட்டிருக்கீங்களா?"

அது உண்மைதான். ஆனால் ஓட்டத்தில் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதட்டினால் டெஸ் இரண்டு பேரில் ஒருவர் பக்கம் நின்றாக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியை அந்த இக்கட்டில் மாட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. தன் கார் சாவியை மகளிடம் கொடுத்தாள். ரெஞ்சை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் மகளின் இடத்தில் ஏறி, பெல்ட்டை மாட்டினாள்.

"டெஸ் என் கார்ல வரட்டும். நான் உன்கூட வரேன். ஓட்டு."

வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசினாள், கால்பந்தைப் பற்றிப் பேசினாள், சக்கரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ரெஞ்ச் மடியில் கிடந்தது. பறக்கிறவன் லாக்லன்; அன்று ஊர்ந்தான். மாட்டு லாரிகள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு தாண்டிப் போயின. ஸ்டியரிங் லேசாக நடுங்குகிற மாதிரி இருந்தது அவனுக்கு. வழியிலிருக்கும் வையாண்ட்ரா ஊர் வருவதற்கு முன்பே ஓரங்கட்டினான். அவள் மடியிலிருந்த ரெஞ்சை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

தாண்டிப்போன டெஸ் சற்று முன்னால் காரை நிறுத்தியிருந்தாள். நோலீன் நடந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா பண்றான்?"

"வண்டியப் பாக்குறான்."

சன்னல் திறந்திருந்தது. பின்னால் ஜாக்கி ஏறும் சத்தம், சக்கரம் மண்ணில் சாயும் சத்தம். பிறகு ரெஞ்ச். சரியாக இருக்கும் நட்டு உடனே 'டிக்' என்றுவிடும். இது சொல்லவில்லை. நட்டு சுற்றிக்கொண்டே போனது. அடுத்ததும் அப்படித்தான்.

காரின் இடப்பக்கக் கண்ணாடியில் டெஸ்ஸுக்கு அவனுடைய குனிந்த முதுகும் கையும் நன்றாகத் தெரிந்தன. நோலீன் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டாள்.