ரிஸ்வானா மருந்து கண்டுபிடிக்கவில்லை

பெருநாளன்று காலை கீழக்கரை போயிருந்தேன். என் கல்லூரி நண்பன் சாகுல் வீட்டுக்கு. வருஷா வருஷம் போவதுதான். எதற்காகப் போகிறேன் என்று அவன் மனைவி ஜீனத்துக்கும் தெரியும் – பிரியாணி. இந்த முறை அதற்கு முன்னால் வேறொன்று பரிமாறப்பட்டது.

சாகுல் இருபத்திரண்டு வருஷம் வளைகுடா விமான நிலையம் ஒன்றில் லக்கேஜ் பிரிவில் வேலை பார்த்தவன். இரண்டு வருஷம் முன்பு வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஊருக்கே வந்துவிட்டான். மதுரையில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். நடுக்கவாதம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒரே மகள் ரிஸ்வானா. பெங்களூரில் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறாள். பண்டிகைக்கு வந்திருந்தாள்.

நான் நுழைந்தபோது சாகுல் புதுச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது பட்டன். விரல் பிடிக்கிறது... நழுவுகிறது. தொழுகைக்கு நேரமாகிறது. உதவிக்கு வந்த ஜீனத்தின் கையைத் தட்டிவிட்டான்.

ரிஸ்வானா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாப்பா, மாத்திரை போடுறீங்களா?"

"போடுறேன், போடுறேன்."

"மூணு வேளையும்?"

"ஆமாம்மா."

அவள் உள்ளே போனாள். மருந்துக்கடைப் பையோடு திரும்பி வந்தாள். அட்டை அட்டையாக மாத்திரை. ஒரே ஒரு அட்டையில் மட்டும் நாலு குழி காலி.

ஜீனத் அழ ஆரம்பித்துவிட்டார். "எங்கிட்ட தெனமும் போட்டாச்சு, போட்டாச்சுன்னு சொன்னீங்களே..."

"ஏன் வாப்பா?"

"வயித்தப் பெரட்டுதும்மா. அதுவுமில்லாம... ஒன் மருந்து வரட்டும்னு இருந்தேன். இதத் தின்னு பழகிட்டா, நாளைக்கு அது கேக்காமப் போச்சுன்னா?"

"எந்த மருந்து?"

சாகுல் டி.வி. பக்கம் கையைக் காட்டினான். போன வருஷம் இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் நான் எழுதிய பத்தி. என் போட்டோவோடு லேமினேட் செய்து மாட்டியிருந்தான். 'நடுக்கவாதத்துக்கு மருந்து காணும் நம்ம ஊர்ப் பெண்!' ஆச்சரியக்குறி உட்பட.

"பேப்பர்லயே போட்டிருக்கான்ல. இந்தா, இவன்தான எழுதுனான்!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். அந்தப் பத்திக்காக ரிஸ்வானா அரை மணி நேரம் போனில் விளக்கினாள். எனக்குப் புரிந்தது கால்வாசி. அதில் 'அரிதாக', 'ஒருவேளை', 'இன்னும் தெரியாது' என்று நிறைய சொன்னாள். பத்தி எழுதுகிறவனுக்கு இந்த வார்த்தைகள் எல்லாம் அரிசியில் கிடக்கும் கல். பொறுக்கி எறிந்துவிட்டேன். எழுத்து வழுவழுவென்று வந்தது. நீங்களும் பாராட்டினீர்கள்... ஒருவன் மாத்திரையை நிறுத்தியிருக்கிறான்!

அந்தப் பட்டனை நான்தான் போட்டுவிட்டேன். ஏனோ என் கையை அவன் தட்டிவிடவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

தொழுதுவிட்டு வந்ததும் ரிஸ்வானா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாப்பா, நான் ஆராய்ச்சி பண்றது மனுஷங்கள வச்சு இல்ல. ஈஸ்ட்ல."

"ஈஸ்ட்டா? ரொட்டிக்குப் போடுறதா?"

"அதேதான்."

சாகுலின் முகம் விழுந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சாமான் போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கும். நடுவுல ஒரு எடத்துல வந்து சேரும். அங்கன பிரிக்கணும். வேண்டாதது அழிக்கிற எடத்துக்குப் போகும். திரும்ப வேலைக்கு வேணுங்கிறது அதுக்குள்ள தப்பிச்சாகணும். அதப் பாத்துப் பிடிச்சு, திருப்பி அனுப்புறதுக்குன்னே சில புரதங்க ஒண்ணாச் சேந்து வேலை செய்யுது. ரெட்ரோமர்னு பேரு."

"எங்க ஏர்போர்ட்ல பெட்டி டேக் பாத்து பெல்ட் மாத்துற மாதிரியா?"

"கிட்டத்தட்ட. ஆனா பெட்டிய மட்டும் இல்ல வாப்பா. பெட்டிய எறக்கிட்டு, அதச் சொமந்து வந்ததே, அதுவும் திரும்பிப் போகணுமே, அடுத்த லோடு எடுக்க?"

"ட்ராலி. அது திரும்பலேன்னா எல்லாம் தேங்கிப் போயிரும். எத்தன தடவ பாத்திருக்கேன்..."

"இங்கயும் தேங்கும். அந்தப் புரதங்கள்ல ஒண்ணு மாறிப்போனா, சில குடும்பத்துல ஒங்க நோய் வருது. ரொம்ப ரொம்ப அரிது. ஒங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. பெரும்பாலும் இருக்காது. அந்த ரெட்ரோமர் எதப் பிடிக்குது, எத விடுது, எப்படி... நான் பாக்குறது அவ்வளவுதான். மருந்து இல்ல."

"எத்தன வருஷத்துல மருந்தாகும்?"

"தெரியாது வாப்பா."

"நான் இருக்கும்போது?"

அந்த இடத்தில் நானாக இருந்தால் பொய் சொல்லியிருப்பேன். நீங்கள்?

ரிஸ்வானா மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஆகாமலும் போகலாம். ஆனா இந்த மாத்திரை இன்னைக்கே இருக்கு. நோயக் கொணமாக்காது. கைகால ஓரளவு ஒங்க சொல்பேச்சு கேக்க வைக்கும்."

சாகுல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். ஜீனத் பின்னாலேயே போகப் பார்த்தார். மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நான் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிஷம் கழித்து வந்தான்.

"சாப்புட்டுப் போடணுமா, சாப்புடாமயா?"

 நல்லவேளை, யாரும் என்னைக் கேட்கவில்லை. ரிஸ்வானா மதுரை டாக்டருக்கே போன் போட்டாள். வயிற்றைப் புரட்டியதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் கடிந்துகொண்டார். குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கூட்டச் சொன்னார்.

இரண்டு மாதம் ஆகிறது. நடுக்கம் போய்விட்டதா? இல்லை. குறைந்திருக்கிறது. டீயைச் சிந்தாமல் குடிக்கிறான். நடையில் தயக்கம் குறைந்திருக்கிறது. இவ்வளவுதான் எழுதலாம். இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடச் சேர்க்க மாட்டேன்.

போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணம். எங்களோடு படித்த ஒருவன் சாகுலின் தோளைப் பிடித்துக் கேட்டான்: "ஒம் மக ஏதோ மருந்து கண்டுபுடிச்சிட்டாளாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாகுல் முந்திக்கொண்டான்.

"இல்லப்பா. உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துக்கிட்டிருக்கா. பாக்கட்டும், அவசரம் இல்ல."

இரண்டே வரி. ஒரு வார்த்தை தப்பில்லை... எழுதுகிறவன் என்ற பெயர் மட்டும் எனக்கு!