தம்பியோடு நான் ஆடிய கேரம்

இப்போது நான் சொல்லப்போவதை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. தாம்பரம் மேம்பாலத்தின் மேல் ஆணை, அத்தனையும் நிஜம்.

அப்பாவின் வீட்டை விற்ற சண்டையில் நானும் என் தம்பியும் பேச்சை நிறுத்தினோம். ஆனால் தினமும் சாயங்காலம் போனில் கேரம் மட்டும் ஆடுகிறோம். நான் ஸ்டிரைக்கரைச் சுண்டினால் ஊரப்பாக்கத்தில் கரண்ட் போகும். ஜிஎஸ்டி ரோட்டில் லாரிகள் ஓரங்கட்டும்.

எங்கள் வீட்டில் அப்பா போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஜெயித்தவன் அடுத்த ஆட்டத்தில் முதல் காயை வேண்டுமென்றே தவறவிட வேண்டும். தம்பி ஒருநாளும் அதை மறந்ததில்லை. கோபம் தணிந்துவிட்டது, இந்தப் பொங்கலுக்கு வந்துவிடுவான் என்று இருந்தேன்.

இன்று பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அவன் மகளைப் பார்த்தேன்.

"என்னா ஆட்டம் ஆடுறான்மா உங்கப்பன்! நேத்து ரெட் காயைப் போட்டான் பாரு, மகா பாவி!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெரியப்பா, அது நான். அப்பாவோட பழைய போன் என்கிட்டதான் இருக்கு."

"அப்போ அந்த முதல் காய்?"

"அது அப்பா எனக்குச் சின்ன வயசுல சொல்லிக்கொடுத்தது."

"நான் ஆடுறது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்க பேரு வந்தாலே எழுந்து உள்ளே போயிடுவாரு."

நீங்களும் எதிரில் ஆடுவது யாரென்று ஒருமுறை விசாரித்துவிட்டு வந்து கமெண்டில் சொல்லுங்கள்.

மற்றபடி ஊரப்பாக்கத்தில் கரண்ட் போனது, லாரி நின்றது எல்லாம் என் புளுகுதான்.

அவன் எழுந்து உள்ளே போவது மட்டும் நிஜம்.