யோகாக்கா ஏன் ரோபோவை வேண்டாம் என்றார்

வெறும் தள்ளுகட்டிலோடு லிஃப்டுக்குக் காத்து நின்றபோதுதான் செய்தி வந்தது. "உம்மடை அக்கா விடிய எங்களை விட்டுப் போயிட்டா தம்பி," என்றார் போனில் குணம் அண்ணை, யோகாக்காவின் கணவர். லிஃப்ட் வந்தது, போனது. நான் ஏறவில்லை. சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது என்றுதானே அன்று எல்லோரும் சொன்னார்கள்?

யோகேஸ்வரி அக்கா இந்த லண்டன் மருத்துவமனையின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி. நான் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற போர்ட்டர். வேலைக்கு வந்த முதல் நாளே வழி தவறி, ஒரு நோயாளியைச் சமையலறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். "இவரைச் சமைக்கிறதுக்கோ தம்பி கொண்டு வந்தனீர்?" என்று கேட்டுச் சிரித்தவர் அக்கா. மற்றபடி சிரிப்புக்கும் அவருக்கும் வெகுதூரம். வெட்டி முடித்து எண்ணும்போது ஒரு பஞ்சு குறைந்தாலும் வைத்தியரையே நிறுத்திவைப்பார்.

வைத்தியர் இயக்கச் சத்திரசிகிச்சை செய்யும் ரோபோ வந்தபின், அதன் கைகளுக்கு உறை மாட்டித் தயார்செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எனக்கோ அந்த ரோபோ என்றால் உயிர். புற்றுநோய்க்காகச் சிறுநீரகத்தையும் அதன் குழாயையும் எடுத்தவர்களில், ரோபோவில் செய்தவர்கள் சின்னத் துளைகளோடு சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். வயிற்றைத் திறந்து செய்தவர்கள் முனகிக்கொண்டு கிடந்தார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பேன்.

"நீர் ஆக்களை வெளிவாசல் வரைக்கும்தான் பாக்கிறீர்," என்பார் அக்கா. "பிறகு நோய் திரும்பி வருதோ எண்டு ஆர் பாக்கிறது? அதிலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டு எண்டுதான் டொக்டர்மார் சொல்லினம்."

அதே நோய் அவருக்கே வந்தது. ரோபோதான் என்று நினைத்தேன். அக்கா திறந்து செய்யச் சம்மதித்தார். சத்திரசிகிச்சையன்று அவரைத் தள்ளிக்கொண்டு போனவனும் நான்தான். ஏன் ரோபோ வேண்டாம் என்று வழியில் கேட்டேன்.

"முந்தி ரெண்டு தரம் வயித்தை வெட்டினது. உள்ளுக்கெல்லாம் ஒட்டிக் கிடக்கு. எனக்குத் திறந்து செய்யிறதுதான் பாதுகாப்பாம். நீர் சுவரிலை இடிக்காமல் தள்ளும்."

பிறகு ரெய்னர்ஸ் லேனில் அவர் வீட்டுக்குப் போவேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வார். ஒருநாள் அங்கேதான், எனக்குச் சிறுநீரில் இரத்தம் போவதை மெல்லச் சொன்னேன்.

"எத்தினை நாளாய்?"

"ரெண்டு மாசம் அக்கா."

"உமக்கு மூளை இருக்கோ? ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிறீர், வெக்கமாயில்லை?" தன் கண் முன்னாலேயே என் குடும்ப வைத்தியரான ஜி.பி.க்குப் போன் எடுக்கவைத்தார்.

எனக்கும் அதே நோய். என் வைத்தியர், உங்களுக்கு ரோபோவிலும் செய்யலாம், திறந்தும் செய்யலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அதற்குள் அக்காவின் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. கடைசியாகப் பார்த்தபோது, வாய்விட்டு அழுதுகொண்டே கேட்டேன், நான் எதைச் செய்வது என்று.

மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "உம்மடை டொக்டர் எதை நிறையச் செய்தவர் எண்டு கேளும். என்னைப் பாத்து முடிவெடுக்காதேயும். என்ரை வயிறு வேறை, உம்மடை வயிறு வேறை."

செத்தவீட்டில் ஒருவர், "திறந்து வெட்டினதாலைதான் பரவினது," என்றார். பக்கத்தில் நின்றவர், "ரோபோவோடை வேலை செய்தவவே அதை வேண்டாமெண்டவ, ஏதோ விசயம் இருக்கு," என்றார். இரண்டும் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்குள்ளும் அந்த இரண்டு குரல்களும்தான் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தன.

நேற்று வைத்தியரிடம் கேட்டேன். ரோபோவில்தான் அதிகம் செய்திருக்கிறேன் என்றார். ரோபோவுக்கே கையொப்பமிட்டேன். அக்கா சொன்னதைக் கேட்டு இட்டேனா, அக்கா போன பயத்தில் இட்டேனா, சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

அக்கா, புதன்கிழமை சத்திரசிகிச்சைக்கு என்னை வேறு யாரோ தள்ளிக்கொண்டு போவார்கள். முகக்கவசம் போட்டவர்களுக்குள் உங்கள் கண்களைத் தேடுவேன் என்று தெரியும். போய் வாருங்கள் அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.