முகம் கவிழ்ந்து கேட்ட பாடங்கள்

ஜெசி, பிரவீன்,

அந்த வாரங்களில் நீங்கள் இரண்டு பேரும் பார்த்தது என் பிடரியை மட்டும்தான். முகம் எந்நேரமும் தரையைப் பார்த்தே கிடந்தது. அந்தப் பக்கம் எனக்கு என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்றைக்கும் யாராவது தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் இது உதவினால் சந்தோஷம்.

முதல் அறிகுறி மதுக்கரைப் பக்கம் நான் வேலை செய்யும் பம்பு பட்டறையில் வந்தது. வலது கண்ணில் கரித்தூள் மாதிரி புள்ளிகள் மிதந்தன. கண்ணின் ஓரத்தில் வெல்டிங் பொறி போல மின்னியது. திரும்பிப் பார்த்தால் அங்கே யாரும் வெல்டிங் வைக்கவில்லை. இரும்புத்தூள் விழுந்திருக்கும் என்று தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். வலி இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது.

மறுநாள் காலை உங்கள் அம்மா காபி கொண்டுவந்தாள். இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே அவளைப் பார்த்தேன். மூக்குக்குக் கீழே முகம் இல்லை. கீழேயிருந்து ஒரு கறுப்பு ஏறி நின்றது.

ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். விழித்திரை (கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரை, நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது) சுவரைவிட்டு உரிந்துவிட்டது என்றார். ஈரம் பட்ட சுவரில் காகிதம் உரிவது போல. உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார்.

கண்ணுக்குள் இருந்த கூழை எடுத்துவிட்டு, திரையை ஒட்டவைத்து, அந்த இடத்தில் ஒரு வாயுவை நிரப்பினார்கள் (அது திரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்து, நாள்பட நாள்படத் தானாகக் கரைந்துபோகும்). வாயு மேலே ஏறும். திரை ஒட்ட வேண்டிய முக்கியமான இடம் கண்ணின் பின்பக்கம். அந்தப் பின்பக்கம் மேலே வரவேண்டுமானால் முகம் கீழே இருக்க வேண்டும். சாப்பிடவும் குளியலறைக்குப் போகவும் மட்டும் நிமிரலாம். மல்லாக்கப் படுக்கவே கூடாது. ஊட்டி மலை ஏறக்கூடாது, உயரம் போனால் வாயு பெருத்துக் கண்ணைக் கெடுத்துவிடும்.

"பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாதுங்க" என்றார். "ஒட்டறது என் வேலை. குப்புறப் படுக்கறது உங்க வேலை."

பம்பையும் மோட்டாரையும் ஒரே நேர்கோட்டில் சேர்ப்பது என் பிழைப்பு. மயிரிழை விலகினாலும் உறுமும். ஒற்றைக் கண்ணால் அதைச் செய்ய முடியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

கட்டிலின் விளிம்பில் நெற்றியைத் தலையணையில் வைத்து, தரையைப் பார்த்துக் கிடந்தேன். கழுத்து இரும்பாகிவிட்டது. பாட்டுக் கேட்டேன், சலித்தது. செய்தி கேட்டேன், இன்னும் சலித்தது. அப்போதுதான் ஜெசி, நீ உன் காலேஜ் பரீட்சைக்குக் கேட்கிற விலங்கியல் பாடத்தை என் போனில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுப் போனாய். "சும்மா ஓடட்டுங்கப்பா, தூக்கமாவது வரும்" என்றாய்.

தூக்கம் வரவில்லை. மண்புழுவுக்கு ஒன்றுக்கு மேல் இதயம் உண்டு என்று ஓர் ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை மண்புழுவைத் தூண்டிலில் கோத்திருக்கிறேன், இது தெரியாமல். அந்தப் பாடம் முடிந்ததும் போனே அடுத்ததைப் போட்டது, அது முடிந்ததும் இன்னொன்றை. இமயமலையின் உச்சியில் கடல் சிப்பி கிடக்கிறதாம். அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்ததாம். கணக்கு ஆசிரியர் ஒருவர் பகா எண்களுக்கு (ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எண்ணால் மீதியில்லாமல் வகுக்க முடியாதவை) முடிவே கிடையாது என்று நிரூபித்தார். எண்ணிப் பார்க்காமலே முடிவில்லை என்று சொல்லிவிட முடிகிறதே என்று நான் மலைத்துப் போனேன். மூன்று தடவை திருப்பிப் போட்டேன். மூன்றாம் தடவை பிடிபட்டது. அப்போது என் முதுகு சிலிர்த்தது, நீங்கள் அறையில் இருந்திருந்தால் பார்த்திருப்பீர்கள்.

கண்ணாடி மூக்கைவிட்டு நழுவி விழுந்துகொண்டே இருந்ததால் பலகையில் அவர்கள் எழுதுவது கண்ணுக்குத் தெரியாது. குரலும் சாக்பீஸ் தேய்கிற சத்தமும்தான். ஆங்கிலப் பாடங்கள் பாதிக்கு மேல் புரியவில்லை, ஆனாலும் கேட்டேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவன் போல இருந்தேன்; அடியிலிருந்து ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கட்டணமும் இல்லை, வருகைப் பதிவு இல்லை, யாருடைய சிபாரிசும் தேவையில்லை. யார் என்றே தெரியாத ஒருவனுக்காக, ஆளில்லாத அறையில், கேமராவைப் பார்த்துப் பேசிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதில் ஒருவர் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார். நான் "புரிஞ்சுதுங்க" என்பேன். உங்கள் அம்மா காதில் விழுந்துவிட்டது.

"ஏனுங்க, தரைகிட்டயா பேசறீங்க?"

"வாத்தியார் கேட்டாருங்கம்மணி. பதில் சொல்லாம இருக்க முடியுமா?"

"ஊட்ல நாங்க கேட்டா மட்டும் வாயே தொறக்கறதில்ல" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் மூவரும் சர்ச்சில் பூசைக்குப் போய்த் திரும்பிய நேரம். சாப்பிட எழுந்து உட்கார்ந்தேன். வலது கண்ணில் மேலே வெளிச்சம். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கறுப்பு. அன்று அம்மாவின் முகத்தை மறைத்த அதே பக்கத்திலிருந்து அதே கறுப்பு. கையில் இருந்த சோறு தட்டிலேயே விழுந்தது. திரும்பவும் உரிந்துவிட்டது என்றேன்.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டரம்மாவே பேசினார். தலையை ஆட்டினால் கோடு ஆடுகிறதா என்று கேட்டார். ரசமட்டத்தில் (தளம் சமமா என்று பார்க்கிற கருவி) குமிழ் ஆடுவது போல ஆடுகிறது என்றேன்.

"அப்ப அது வாயுதானுங்க. கரைய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் இறங்கும். பயப்படாம காலைல வந்து காட்டுங்க."

நான் நம்பவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். குழாயில் காற்று புகுந்தால் மேட்டில் போய்த்தான் நிற்கும். என் வேலையே அது. மேலே இருக்க வேண்டிய வாயு எப்படிக் கீழே தெரியும்?

"காத்து எங்கயாச்சும் கீழ நிக்குமா கண்ணு? எத்தனை பம்பு பார்த்திருக்கேன்" என்று பிரவீனிடம் சொன்னேன்.

"அப்பா, உங்க கண்ணு பம்பு இல்லீங்க" என்றான்.

ஜெசி, நீ போனில் தேடினாய். நான் மறுபடி குப்புறப் படுத்துவிட்டேன். நீ என் முகத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, என் கண்ணாடி நழுவாமல் பிடித்துக்கொண்டு, போனில் ஒரு டீச்சரின் பாடத்தைக் காட்டினாய். ஏதோ ஒரு வீட்டின் சமையலறைக்குப் பக்கத்து அறை. பின்னால் மிக்சி ஓடியது. "ஒரு நிமிஷம்" என்று போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மெழுகுவத்தி, பூதக்கண்ணாடி, வெள்ளைக் காகிதம். காகிதத்தில் சுடர் விழுந்தது, தலைகீழாக.

நம் கண்ணுக்குள்ளும் இப்படித்தான் விழுகிறது என்றார் அவர். கீழே இருப்பது திரையின் மேல்பாகத்தில் விழும், மேலே இருப்பது கீழ்ப்பாகத்தில். மூளைதான் அதை நிமிர்த்தி நமக்குக் காட்டுகிறது.

அப்படியானால் வாயு மேலேதான் நிற்கிறது. திரையின் மேல்பாகத்தை அது மறைக்கிறது. அதனால் எனக்குக் கீழே கறுப்பாகத் தெரிகிறது. டாக்டரம்மா சொன்னது நிஜம். காற்றும் எனக்குத் தெரிந்தபடியே நடந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தெரியாமல் இருந்தது என் கண்ணைப் பற்றித்தான்.

தரையில் இரண்டு சொட்டு விழுந்தது. சொட்டு மருந்து என்று நினைத்திருப்பாய்.

பிறந்த நாளிலிருந்து உலகம் எனக்குள் தலைகீழாக விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. நீங்கள் பிறந்தபோது உங்கள் முகங்களும் அப்படித்தான் விழுந்திருக்கின்றன. நான் கேட்காமலே ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒருநாள்கூட லீவு எடுக்காமல்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கறுப்பு தெரிந்தால் முதலில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பாடம் விளங்க வைக்கும். கண்ணைப் பார்த்துச் சொல்வது அவர்தான். மறுநாள் போனபோது எனக்கும் பார்த்துத்தான் சொன்னார், திரை ஒட்டியிருக்கிறது என்று.

கோடு நாளுக்கு நாள் இறங்கியது. பிறகு எலுமிச்சை அளவில் ஓர் உருண்டை, பிறகு ஒரு பாசிமணி. ஒருநாள் காலை பல் விளக்கும்போது தேடினேன், இல்லை. பார்வை வந்தது, ஆனால் முழுசாக இல்லை. நேரான கோடு நடுவில் நெளிகிறது. குறையலாம், இப்படியே இருந்தும் விடலாம் என்றார் டாக்டரம்மா. பட்டறையில் இப்போது பம்பை ஓடவிட்டுச் சோதிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் காது போதும். பம்பையும் மோட்டாரையும் சேர்க்கிற வேலை திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது.

காலம் எனக்கு முன்பு போல இல்லை. அந்த டீச்சர் கதவைச் சாத்திவிட்டுப் பேசியது, வீடியோவில் இருந்த தேதிப்படி, பல வருஷங்களுக்கு முன்னால். அன்று எனக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன, அவர் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் அவர் பேசி வைத்துவிட்டார். இப்போது எதைப் பார்த்தாலும், எனக்காக இன்னும் எங்கெங்கே என்னென்ன காத்திருக்கிறதோ என்று தோன்றுகிறது.

மல்லாக்கப் படுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, நீங்கள் யாரும் வீட்டில் இல்லை. மொட்டை மாடிக்குப் போய்ச் சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்தேன். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டேன். வலது கண் மட்டும் ஆகாயத்தைப் பார்த்தது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் குழாய், நானே தூக்குநூல் பிடித்துச் செங்குத்தாக நிறுத்தியது, நடுவில் நெளிந்து தெரிந்தது. எழுந்துபோய் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, வலது கண்ணால் மட்டும் பார்த்தபடி, மெதுவாக மேலே ஓட்டினேன். கைக்குக் குழாய் நேராக இருந்தது. கண்ணுக்கு, கை போன இடமெல்லாம் அந்த நெளிவும் கூடவே ஏறியது. எட்டுகிற உயரம்வரை இரண்டையும் போகவிட்டேன்.